பெயரும் ஆதாரமும்: இயற்கை நடைகளைப் பற்றி ஒரு திறனாய்வு

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பள்ளிக்கரணைக் கரையிலோ, அரிட்டாபட்டி மலையடியிலோ, கோவையின் குளக்கரைகளிலோ சிறு குழுவொன்று பைனாகுலரும் கைபேசியுமாக நடப்பது இப்போது பழகிப்போன காட்சி. வழியில் தென்படும் செடி, பூச்சி, பறவை ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பெயரோடு பதிவேற்றுவதுதான் இந்த நடைகளின் முக்கிய வேலை. இரண்டு தலைமுறைக்கு முன் இது எளிதில் கைவராத கலை. பறவைகளுக்கு 1941-இல் வந்த சாலிம் அலியின் நூல் இருந்தது. செடிகளுக்கு, கேம்பிள் 1915-இல் தொடங்கி அவர் மறைவுக்குப் பின் பிஷர் 1936-இல் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல் இருந்தது. அது படங்கள் இல்லாமல், இலைக்காம்பு, சூலகம், மகரந்தப்பை என்று வரிவரியாக விவரித்துக்கொண்டே போகும். தாவரவியல் படிக்காதவர் அதற்குள் நுழையவே முடியாது. இன்று ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஒரு படத்தைக் காட்டினால் பள்ளி மாணவிக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் கைக்கு வந்த வேகத்தில் பார்ப்பது குறைந்துவிட்டது. எந்த அடையாளத்தை வைத்து இந்தப் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டால் பதில் இல்லாத பதிவுகள் பெருகிக்கொண்டே வருகின்றன. இந்த நடைமுறையின் அடிப்படைக் குறை அதுதான்.

நன்மைக்குச் சிறந்த சான்று பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் இது நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையோடு இ-பேர்டு தளத்தில் பட்டியலிட வேண்டும். 'அனைத்தையும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காக்கையையும் மைனாவையும் 'இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும்' என்று விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் பாதி பயனற்றதாகிவிடும். முழுப் பட்டியலாக இருந்தால், அதில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். இப்படிச் சேர்ந்த 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. இவ்வளவு பெரிய நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆய்வாளர்களை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆசிரியர்களும் மாணவர்களும் வங்கி ஊழியர்களும் விடிகாலையில் எழுந்து போய்ச் செய்த வேலை இது.

பெயரைத் தேடுவதே கண்ணைக் கூர்மையாக்குவதும் உண்டு. ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். கருப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள், வால் போன்ற நீட்சி. அதே கோலத்தில் அதே புதரைச் சுற்றி இன்னொன்றும் பறக்கும். அது கறிவேப்பிலை அழகியின் பெண். இறக்கையை மட்டும் பார்த்தால் குழப்பம் தீராது. உடலைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகியின் உடல் சிவப்பு. மற்றதன் உடல் கருப்பு. அந்த ஒரு வேறுபாட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்கிறது. ஆடுகூட வாய் வைக்காத அந்தச் செடியின் நஞ்சு பூச்சியின் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் மற்றதற்கு நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளதன் உருவத்தை அணிந்து பிழைக்கிறது. செயலி பெரும்பாலும் சரியான பெயரையே சொல்லிவிடும். ஆனால் உடலைப் பார் என்று சொல்லாது. பெயரோடு திருப்தியடைந்தவருக்கு இந்தக் கதை கிடைக்காமலே போகிறது.

செடிகளில் நிலைமை இன்னும் மோசம். உண்ணிச்செடியைக் காட்டினால் செயலி நொடியில் பெயர் சொல்லும். உலகம் முழுவதும் பரவிய களை அது, படங்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே பூக்காமல் நிற்கும் காரைப் புதரைக் காட்டினால் வேறு கண்டத்துச் செடி ஒன்றின் பெயர் வரக்கூடும். படங்கள் ஏராளமாகச் சேர்ந்த இனங்களைத்தான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது. ஆகவே நம் புதர்க்காடுகளில் எது அயல் வரவோ அது எளிதில் பெயர் பெறுகிறது; எது நம் மண்ணுக்கே உரியதோ அது தவறான பெயரோடு பதிவாகிறது அல்லது பதிவாகாமலே போகிறது. புற்களும் கோரைகளும் பெரும்பாலான நடைகளில் பேச்சிலேயே வருவதில்லை. புல்லை அறிய அதன் கதிரையும், இலை தண்டைத் தழுவும் இடத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நின்று பார்க்க நேரமில்லாத நடையில் அது நடக்காது. குறிஞ்சியும் அப்படித்தான். 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது கூட்டம் கூட்டமாக மலையேறினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் அதே சரிவில் வெறும் இலையோடு நிற்கும் புதரை எத்தனை பேர் அடையாளம் சொல்வார்கள்?

ஒலியிலும் இதே சிக்கல். மெர்லின் செயலியில் 2021-இல் வந்த ஒலியறி வசதி அற்புதமானது. இலைகளுக்குள் மறைந்திருக்கும் கதிர்க்குருவிகளை உருவத்தால் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம், குரல்தான் துணை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது. கழுகின் குரலையும் தவிட்டுக்குருவியின் குரலையும் அப்படியே எடுத்துப் பாடக்கூடியது. கைபேசித் திரையில் கொண்டைப் பாம்புக்கழுகு என்று பெயர் வந்தவுடன் பட்டியலில் சேர்ப்பவர், தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்திருந்தால் அங்கே கரிச்சான் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பார்.

பறவையில் வரும் பிழை பட்டியலை மட்டுமே கெடுக்கும். பாம்பில் வரும் பிழை உயிரைப் பறிக்கும். கட்டுவிரியனையும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனையும் நாள்தோறும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் இரவில் திரிபவை, இரண்டிலும் வெள்ளைப் பட்டைகள். வரையனில் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனில் பெரும்பாலும் முன்பகுதி மங்கலாக இருந்து பின்னால் தெளிவடையும். உறுதியான அடையாளம் முதுகின் நடுவரிசையில் உள்ள பெரிய அறுகோணச் செதில்கள். அதைப் பார்க்கும் அளவுக்கு அருகில் யாரும் போகக்கூடாது. எட்ட நின்று எடுத்த மங்கலான படத்தில் அது தெரியவும் தெரியாது. ஆகவே பாம்பு விஷயத்தில் செயலி சொல்லும் பெயரை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் சொல்லியே ஆக வேண்டும்.

பிழையைத் திருத்தும் ஏற்பாடும் நாம் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பதிவிட்டவர் சொன்ன இனப்பெயரை இன்னொருவர் ஆமோதித்தாலே அது 'ஆய்வுத் தரம்' பெற்றுவிடும். அந்த இன்னொருவர் நிபுணராக இருந்தால் நல்லது. உடன் நடந்த நண்பராக இருந்து, நட்புக்காக ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் தவறான பெயர் அறிவியல் தரவாகிவிடுகிறது.

இன்னொரு ஆபத்து இருப்பிடம். அருகிவரும் இனங்களின் துல்லியமான இடத்தைச் செயலி தானாகவே மறைத்துவிடுகிறது. நம் வாட்ஸ்அப் குழுக்கள் மறைப்பதில்லை. தேவாங்குக்கென்று 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பைப் பெறாத தோப்புகளில் வாழும் தேவாங்கின் படத்தை ஊர்ப்பெயரோடு பகிர்வது, அதைப் பிடித்து விற்பவனுக்கு வழிகாட்டுவதாகவே முடியும்.

இந்த நடைகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பெயர் தெரிந்த உள்ளூர்க்காரரை நாம் கேட்காமல் கடந்து போவது. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர்கள். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் வேலை செய்வது பாம்பைப் பார்த்தல்ல. வளை வாயில் மண் வழுவழுப்பாகியிருப்பது, உதிர்ந்த சட்டை, எச்சம், தடம் இவற்றைப் படித்துத்தான். படம் எடுக்க எதுவுமில்லாத இடத்திலும் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் இந்த அறிவை எந்தச் செயலியும் இன்னும் எட்டவில்லை. காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவரிடமும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஊதியம் கொடுத்து அவர்களை வழிகாட்டிகளாக அழைக்கும் நடைகள் மிகக் குறைவு.

நடை நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். 'இன்று இத்தனை இனம் பார்த்தோம்' என்ற அறிவிப்பை விட்டுவிடுங்கள். ஒரு செடிக்கு இலையின் அடிப்பக்கம், கிளையில் இலைகள் அமைந்த விதம், பட்டை, பூ அல்லது காய் என்று நான்கைந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். செயலி பெயர் சொன்னதும், எதை வைத்து என்று கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த செடிக்குப் போகாதீர்கள். அடுத்த பொங்கல் கணக்கெடுப்பில் பிரித்தறிய முடியாத கதிர்க்குருவியைக் கண்டால் ஊகித்து ஒரு பெயரைப் போட வேண்டாம். கதிர்க்குருவி வகை என்று மட்டும் பதிவுசெய்ய இ-பேர்டில் இடம் இருக்கிறது.