கையை மட்டும் அனுப்ப முடியாது

ரொட்டியை எப்படிக் கடிக்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? சொந்த ஊரில் இருக்கிறவரைக்கும் அது ஒரு விஷயமே இல்லை. பசிக்கும், கடிப்போம், அவ்வளவுதான். பிழைப்புக்காகக் கொஞ்ச காலம் வேறு நாட்டில் தங்கப்போன ஆசாமிக்கு அதுகூட விஷயம்தான் என்று காட்டிவிட்டு ஆரம்பிக்கிறது ஓர் இத்தாலியப் படம்.

பெயர் 'பானே எ சொக்கொலாத்தா'. ரொட்டியும் சாக்லெட்டும் என்று அர்த்தம். இயக்கியவர் ஃப்ராங்கோ ப்ருசாத்தி. 1974-ல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி வாங்கியது. அமெரிக்காவுக்கு 1978-ல்தான் போய்ச் சேர்ந்தது. நியூயார்க் விமர்சகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த வெளிநாட்டுப் படம் என்றார்கள். விருதுப் படம் என்றதும் கொட்டாவி விடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். இது நகைச்சுவைப் படம். நன்றாகச் சிரிக்கலாம். எதற்குச் சிரித்தோம் என்பது வீட்டுக்குப் போனபிறகு உறைக்கும்.

கதாநாயகன் நினோ, தெற்கு இத்தாலிக்காரர். ஸ்விட்சர்லாந்தில் ஒரு பெரிய ரெஸ்டாரண்டில் தற்காலிக சர்வர். நினோவாக நடித்த நினோ மான்ஃப்ரெதி இத்தாலியின் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவர், திரைக்கதையிலும் பங்கு அவருக்கு உண்டு. லீவு நாளில் ஒரு பூங்காவுக்குப் போகிறார். புல்வெளி பச்சைக் கம்பளம் மாதிரி. நாலு பேர் வயலின் வகையறாக்களை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். சுற்றி இருக்கிறவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. நினோ ரொட்டிக்குள் சாக்லெட்டை வைத்து ஒரு கடி கடிக்கிறார். 'கரக்'. எல்லாத் தலைகளும் திரும்புகின்றன.

யாரும் திட்டவில்லை, துரத்தவில்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வாயில் இருப்பதை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கும்போது படத்தின் கதை முழுவதும் உங்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது.

பின்னணியில் இருக்கும் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் கனக்கும். ஸ்விட்சர்லாந்தில் 1934 முதல் 2002 வரை 'சீசன் தொழிலாளி' என்றொரு ஏற்பாடு இருந்தது. வருஷத்தில் அதிகபட்சம் ஒன்பது மாசம் வேலை செய்யலாம். மிச்ச நாளுக்கு ஊரைப் பார்க்கப் போய்விட வேண்டும். முதலாளியை மாற்றக்கூடாது. முக்கியமாக, பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது. எல்லையில் சியாஸ்ஸோ, ப்ரிக் ஸ்டேஷன்களில் சட்டையைக் கழற்றி, எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இல்லை என்று உறுதியானதும் உள்ளே விட்டார்கள். அணைகள், சுரங்கப் பாதைகள், ஹோட்டல்கள் என்று இன்று டூரிஸ்ட்டுகள் வாயைப் பிளந்து பார்க்கிற பலவற்றில் இவர்கள் உழைப்பு இருக்கிறது.

சட்டம் கேட்டது கைகளை. ஆனால் கையை மட்டும் கழற்றி ரயிலில் அனுப்ப முடியாதே! கூடவே வயிறு வரும், முடி வரும், குரல் வரும், ஊர் ஞாபகம் வரும். ப்ருசாத்தியின் படம் இந்த ஒரு சங்கடத்தைத்தான் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது. நினோ திருடுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. அவர் மாட்டிக்கொள்வதெல்லாம் சாதாரண மனுஷ காரியங்களில். தின்றார், மாட்டினார். அவசரத்துக்கு ஒரு சுவரோரம் ஒண்ணுக்குப் போனார், மாட்டினார். இரண்டாவது குற்றத்துக்கு பர்மிட்டே போய்விடுகிறது. 'இதுக்குப் போயா?' என்று சிரிக்கிறோம். ஊரில் என்றால் ஒரு அதட்டலோடு போயிருக்கும். தற்காலிக ஆசாமிக்கு அதட்டல் கிடையாது. நேரே ரயில்தான்.

ஊருக்குத் திரும்ப மனசில்லாமல் ஒளிந்து வாழத் தொடங்கும் நினோவுக்கு இடம் கொடுப்பவர் எலெனா என்ற கிரேக்க அகதி (ஆனா கரீனா, கோதார் படங்களின் ரசிகர்களுக்குச் சொல்லவே வேண்டாம்). எலெனா தன் மகனையே ஒளித்து வளர்க்கிறார். இது சினிமாவுக்காகச் செய்த கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படி வீட்டுக்குள் ஒளிந்து வளர்ந்தார்கள். 'அலமாரிக் குழந்தைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். கதவு தட்டினால் அலமாரிக்குள் போக வேண்டும். அழக்கூடாது, ஓடக்கூடாது, ஜன்னலில் எட்டிப் பார்க்கக்கூடாது. அப்பா கட்டிய ஊரில் பிள்ளை இருமக்கூடாது!

தொழிலாளர்களின் கொட்டகையில் நடக்கிற ஒரு காட்சியும் உண்டு. ஆண்கள், ஆண்கள், ஆண்கள் மட்டும். பொழுது போகாமல் ஒரு கச்சேரி போடுகிறார்கள். சிலர் பெண் வேஷம் கட்டி ஆடிப் பாடுகிறார்கள். முதலில் விசில் பறக்கிறது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கிப்போகிறது. தாங்கள் எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்ட அந்தத் தருணத்தை வசனம் போட்டுக் கெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். என் கணக்கில் படத்தின் சிறந்த ஐந்து நிமிஷம் இது.

அந்தக் கொட்டகைகளைப் பற்றி ஒரு நிஜக் கதை. 1965 ஆகஸ்ட் 30 அன்று மாட்மார்க் அணை கட்டுகிற இடத்தில் பனிப்பாறை சரிந்து விழுந்தது. பனியாற்றின் நுனிக்கு நேர் கீழே தொழிலாளர் கொட்டகைகளும் கேண்டீனும் இருந்தன. 88 பேர் செத்துப்போனார்கள், அதில் 56 பேர் இத்தாலியர்கள். வழக்கு நடந்து 1972-ல் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. அப்பீலுக்குப் போன குடும்பங்கள் கோர்ட் செலவில் பாதியைக் கட்டச் சொல்லப்பட்டார்கள். படத்தில் இந்த விபத்து வராது. ஆனால் படம் பார்க்கிற இத்தாலியருக்கு கொட்டகை என்றதும் அது ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

படம் தடுமாறுகிற இடம் நடுவில். இத்தாலியிலிருந்து பணச் சிக்கலில் ஓடிவந்த ஒரு கோடீஸ்வரர் நினோவைச் சேர்த்துக்கொள்கிறார். நினோவின் சேமிப்பையும் வாங்கி முதலீடு செய்கிறார், பிறகு தற்கொலை செய்துகொள்கிறார். பணக்காரனும் இங்கே அநாதைதான் என்று சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார்கள். எடுபடவில்லை. ஸ்விஸ் வங்கியில் பணம் வைத்திருக்கிற அநாதைக்கும் தகரப் பெட்டி வைத்திருக்கிற அநாதைக்கும் வித்தியாசம் உண்டு, இல்லையா?

அதை விட்டு வெளியே வந்ததும் படம் மறுபடி நிமிர்கிறது. சொல்லப்போனால், குனிகிறது. திருட்டுத்தனமாகத் தங்கியிருக்கும் நேப்பிள்ஸ்காரர்கள் சிலர், கோழிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை செய்துகொண்டு, கோழிக் கொட்டகையிலேயே குடியிருக்கிறார்கள். கூரை தாழ்வு. நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து குனிந்து நடந்து, விருந்தாளி வந்த குஷியில் கோழி மாதிரியே கத்திக் காட்டுகிறார்கள். மிகையான காட்சிதான். ஆனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆற்றில் குளிக்க வருகிற பொன்னிற முடி இளைஞர்களை இவர்கள் மூச்சடக்கிப் பார்க்கும்போது மிகை என்ற புகார் நம் வாயிலேயே நின்றுவிடுகிறது. யாரும் அவர்களிடம் 'நீங்கள் அசிங்கம்' என்று சொல்லவில்லை. அவர்களே அப்படி முடிவு செய்துகொண்டு பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் நினோ தலைமுடிக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொள்கிறார். உள்ளூர்க்காரன் மாதிரி ஒரு பாருக்குள் போகிறார். டிவியில் கால்பந்து, இத்தாலி ஆடுகிறது. சுற்றி இருப்பவர்கள் இத்தாலியர்களைக் கேவலமாகப் பேசுகிறார்கள். நினோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுகிறார். இத்தாலி கோல் போட்டுவிடுகிறது. அவ்வளவுதான், சாயம் பூசிய தலைக்கு அடியிலிருந்து நிஜக் குரல் கிளம்பிவிடுகிறது. போலீஸ், கைது, நாடு கடத்தல். மான்ஃப்ரெதியின் முகத்தை அந்தச் சில நிமிஷங்களுக்குக் கவனியுங்கள். அடக்கி அடக்கி வைத்த கோபம் சந்தோஷமாக வெடிப்பதை இதைவிட நன்றாக நடித்துக் காட்டியவர்கள் குறைவு.

ஸ்டேஷனுக்கு எலெனா பர்மிட் நீட்டிப்போடு வருகிறார். நினோ வேண்டாம் என்று ரயில் ஏறிவிடுகிறார். பெட்டிக்குள் ஊர் திரும்புகிற இத்தாலியர்கள் சூரியனையும் கடலையும் பற்றிப் பாடுகிறார்கள். சோறு போடாத சூரியன், வேலை கொடுக்காத கடல். கேட்கக் கேட்க அவர் முகம் மாறுகிறது. பாதியில் இறங்கிவிடுகிறார். முடிவைச் சொல்லிவிட்டாயே என்று கோபிக்காதீர்கள். இது சஸ்பென்ஸ் படம் இல்லை. அங்கே இருக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது என்பது முதல் கடியிலேயே தெரிந்துபோன விஷயம்.

படம் வருவதற்கு நாலு வருஷம் முன்னால், 1970 ஜூன் 7 அன்று, ஸ்விட்சர்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் என்ற எம்.பி. வெளிநாட்டுக்காரர்களை 10 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று கொண்டுவந்த யோசனை. 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள் மட்டும். தேசிய அளவில் பெண்களுக்கு ஓட்டு 1971-ல்தான் வந்தது. அந்த யோசனையில் ஒரு சின்ன ஷரத்து. குடும்பம் இல்லாமல் ஒன்பது மாசத்துக்கு வந்து போகிற சீசன் தொழிலாளிகளை அந்த 10 சதவீதக் கணக்கில் சேர்க்க வேண்டாமாம். அதாவது வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றவர்களும் அவன் கைகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. நினோவின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் அந்த நாட்டுக்குப் புகலிடம் கேட்டுப் போனார்கள். அவர்கள் சீசன் தொழிலாளிகள் அல்லர், உயிர் தப்பப் போனவர்கள். ஆனால் கேஸ் முடிகிறவரை கையில் தற்காலிக அட்டைதான். ரெஸ்டாரண்ட் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் பலர் வந்து நின்றார்கள். நினோ கத்திய பாரின் பின்கட்டில் அடுத்த தலைமுறையில் தமிழ் கேட்டது என்றால் மிகையில்லை.

இத்தனை புகழ்ந்தபிறகு என் புகாரையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் மனைவிக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. ஒன்பது மாசம் இங்கே கழிகிறபோது அங்கேயும் கழிகிறதே, அதை யார் காட்டுவது? இன்னொன்று, நினோவோடு ஒரே நிரந்தர வேலைக்குப் போட்டி போடுகிற துருக்கிக்காரர். அவருக்கும் பசி, அவருக்கும் பர்மிட், அவருக்கும் ஊரில் யாரோ காத்திருப்பார்கள். படம் அவரை வெறும் 'துருக்கிக்காரர்' என்றே வைத்திருக்கிறது. பேர்கூட இல்லை. ஸ்விஸ்காரர்கள் நினோவுக்குச் செய்ததை இத்தாலியப் படம் துருக்கிக்காரருக்குச் செய்துவிட்டது.

சப்டைட்டிலோடு கிடைத்தால் பாருங்கள். குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால், வீட்டில் யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போய்வந்தவர் இருந்தால் அவசியம் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே சிரிக்கவில்லை என்று கவனியுங்கள். முடிந்தபிறகு அந்தத் துருக்கிக்காரருக்கு ஒரு பேர் வைத்துப் பாருங்கள்.