கபாபிளாங்காவின் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

ஹோசே ரவுல் கபாபிளாங்காவின் செஸ் ஆட்டங்களை முதன்முறை பார்ப்பவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். ராணியைத் தூக்கிக் கொடுக்கிற சாகசமெல்லாம் அபூர்வம். நாலு காய் மாறும், ஒரு சிப்பாய் நகரும், எதிராளி தோற்றிருப்பார். எந்த இடத்தில் தோற்றார் என்பது மட்டும் பிடிபடாது. அந்த இடத்தைத் தேடுவதில்தான் ருசியே.

1888-ல் ஹவானாவில் பிறந்தவர். அப்பா ஆடுவதைப் பார்த்தே நாலு வயதில் ஆட்டம் பழகியவர். 1916 தொடங்கி 1924 வரை முறையான போட்டிகளில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நடுவே 1921-ல் லாஸ்கரை வென்று உலக சாம்பியனும் ஆனார். 1924-ல் நியூயார்க் போட்டியில் ரெட்டி அந்தத் தொடரை முறித்தார்.

அதே போட்டியில் டார்டகோவருடன் கபாபிளாங்கா வெள்ளையாக ஆடிய ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நிஜப் பலகையில் காய்களை அடுக்கி ஆடிப் பார்க்க வேண்டும். எஞ்சின் விடையை உடனே சொல்லிவிட்டால் தேட என்ன இருக்கிறது? வெள்ளையின் நகர்வுகளைக் காகிதத்தால் மறைத்து, ஒவ்வொன்றையும் ஊகித்த பிறகே திறக்கலாம். காய்கள் மாறும்போதெல்லாம் ஒரே கேள்வி: மிச்சமிருப்பதில் யாருடைய காய்க்கு வேலை அதிகம்?

25, 26-வது நகர்வுகளில் ராணிகள் போகின்றன. கூடவே ஒரு ஜோடி யானைகளும். 30-வது நகர்வில் வெள்ளை யானை ஏழாவது வரிசையில் போய் உட்கார்கிறது. கறுப்பு ராஜா கடைசி வரிசையைத் தாண்ட முடியாது. 34-ல் தன் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டுகிறார் கபாபிளாங்கா. ஆளுக்கொரு யானை, ஐந்தைந்து சிப்பாய்கள். கறுப்பு யானையோ வெள்ளையின் சி3 சிப்பாயைக் குறிவைத்து நிற்கிறது.

இங்கே நிறுத்தி, கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்தச் சிப்பாயைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். அவர் ராஜாவை ஜி3-க்கு நகர்த்துகிறார். சிப்பாய் செக்குடன் போகிறது. ராஜா ஹெச்4-க்கு ஏறுகிறது. ஜி சிப்பாய் முன்னேற, எஃப்4 சிப்பாயும் செக்குடன் போகிறது. ராஜா ஜி5. இரண்டு சிப்பாய்கள் குறைவு, ஆனாலும் கவலையில்லை!

அடுத்ததுதான் ஆட்டத்தின் உச்சம். எஃப்5-ல் இருக்கும் கறுப்புச் சிப்பாயை ராஜா இலவசமாக வெட்டலாம். வெட்டாமல் எஃப்6-க்குப் போகிறது. அந்தச் சிப்பாய் அங்கேயே இருந்தால், எஃப் வரிசையில் பின்னாலிருந்து செக் கொடுக்க கறுப்பு யானைக்கு வழியில்லை. எதிரியின் சிப்பாயே வெள்ளை ராஜாவுக்குக் குடை பிடிக்கிறது. ஹெச்8-ல் யானையால் மேட் என்ற மிரட்டல் வேறு. அதன்பின் சி7, எஃப்5, ஏ7, டி5 என்று கறுப்புச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. 52-வது நகர்வோடு டார்டகோவர் விலகிக்கொள்கிறார்.

இதில் பிடி கிடைத்தவர்கள் அடுத்து 1918-ல் மார்ஷலுடன் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தை எடுக்கலாம். மார்ஷல் சிப்பாயைத் தியாகம் செய்து புயலாக வருகிறார். கபாபிளாங்கா பலகையிலேயே கணக்குப் போட்டுத் தப்பிக்கிறார், ஜெயிக்கவும் செய்கிறார். அதில் வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்பின் நகர்வுகளை மறைத்துக்கொண்டு ஊகிப்பது இன்னும் சுவாரஸ்யம். எவ்வளவு பயங்கரமான தாக்குதலை அவர் சமாளித்தார் என்பது அப்போதுதான் உறைக்கும்.