நரைத்த தலையுடன் பிரவேசித்தவர்

சிவகாசிக் காலண்டர்களில் இதுகாறும் அச்சேறிய முகங்களையெல்லாம் ஒரு வரிசையாக நிறுத்திப் பார்த்தால், தெய்வங்களுக்கும் தேசத் தலைவர்களுக்கும் அடுத்த ஸ்தானத்தில் சினிமாக் கதாநாயகர்களும் நாயகிகளும் வீற்றிருப்பதைக் காணலாம். கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் அவ்வூரில் விதைத்த விதை, பட்டாசாகவும், பெட்டிக்கு ஒட்டும் லேபிளாகவும், அந்த லேபிளின் பொருட்டு வளர்ந்த அச்சுத் தொழிலாகவும் கிளைவிட்டபோது, நாடு முழுவதும் சுவரில் மாட்டிக்கொள்ளும் முகம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு அந்த வறண்ட கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அடுத்த ஊரான விருதுநகரில் பிறந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்ப் படங்களில் நடித்த வி.கே.ராமசாமியின் முகத்தைக் காலண்டரில் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. அதற்காக அச்சுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாமனாரின் முகத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்வோர் யார்?

குணச்சித்திர நடிகர் என்று நாம் வழங்கும் இந்த ஜாதியாருக்கு ஹாலிவுட்டும் வெகுகாலம் தனி மரியாதை ஏதும் செய்ததில்லை. துணை நடிகருக்கென்று ஆஸ்கார் பரிசு ஏற்பட்டதே 1936-ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான். அதை முதன்முதலில் பெற்ற வால்டர் பிரென்னன், 1938, 1940 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காகவும் பெற்று, ஐந்தாண்டுகளுக்குள் மூன்று பரிசுகளுக்கு உரியவரானார். முதல் பரிசின்போது அவருக்கு வயது 42. விபத்தொன்றில் பற்களை இழந்திருந்தபடியால், பொக்கை வாய்க் கிழவர் வேஷம் அவருக்கு அனாயாசமாகப் பொருந்திற்று என்பார்கள். இளமையிலேயே முதுமையை உத்தியோகமாக ஏற்ற அவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு நம்மவர் நினைவே வருகிறது; வயதுக் கணக்கில் நம்மவர் அவரையும் விஞ்சியவர்.

தமிழில் இத்துறை எப்போதும் செழிப்பாகவே இருந்து வந்திருக்கிறது. 'சதி லீலாவதி'யில் தொடங்கிய டி.எஸ்.பாலையா, வில்லத்தனத்தில் பழுத்த குரலை 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதரின் கர்வமாகவும், 'காதலிக்க நேரமில்லை'யில் தகப்பனின் அசட்டுத்தனமாகவும் உருமாற்றிக் காட்டினார். செங்கோட்டை எஸ்.வி.சுப்பையா 'கப்பலோட்டிய தமிழ'னில் பாரதியாகவே வந்து நின்றார். எஸ்.வி.ரங்காராவோ நாற்பது வயது நிரம்புமுன் 'மாயா பஜா'ரில் கடோத்கசனாகச் சிரித்தவர். இவர்கள் ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியே எழுத இடமுண்டு. ஆயினும் இவர்களில் எவரும் வெள்ளித்திரைக்குள் கிழவராகவே நுழைந்தவரல்லர்.

வி.கே.ஆர். அப்படித்தான் நுழைந்தார். 1926-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்த அவர், மேடையில் பழகி, ப.நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகத்தை ஏவி.எம். 'நாம் இருவர்' என்ற படமாக்கியபோது அதில் சண்முகம் பிள்ளை என்ற கறுப்புச் சந்தை வியாபாரியாகத் தோன்றினார். 1947 ஜனவரியில் வெளியான அந்தப் படத்தைப் பாரதி பாடல்களுக்காகவும் குமாரி கமலாவின் நடனத்துக்காகவும் ஜனங்கள் கொண்டாடினார்கள், அது நியாயமே. ஆனால், அறுபது வயதுக்காரராக அதில் நடமாடிய மனிதருக்கு உண்மையில் 21 வயதுதான் என்பதை அறிந்து பார்க்கும்போது, பவுடர் பூசி வெளுத்த தலைமயிரைவிட, பணத்தில் ஊறிய முதுமைக்கே உரிய அந்தச் சலிப்பும் சந்தேகமும் அக்குரலில் எங்கிருந்து வந்து குடியேறின என்ற வினாவே மனத்தில் மிஞ்சுகிறது.

அதற்கு விடை விருதுநகர்க் கடைவீதியில் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். விருதுபட்டி என்ற பழம்பெயர் மாறிய காலத்திலேயே மிளகாய்க்கும் பருத்திக்கும் பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் பிரசித்தமாகிவிட்ட ஊர் அது. மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திய அவ்வூர் வியாபாரிகள், பேட்டையிலும் மண்டியிலும் அமர்ந்து, 'இல்லை' என்ற சொல்லை உச்சரிக்காமலே மறுக்கவும், சிரித்துக்கொண்டே விலையை இறக்கவும், நஷ்டத்தைப் புலம்பிக்கொண்டே லாபத்தை முடிந்துகொள்ளவும் வல்லவர்கள். சிறுவயதில் இந்தப் பேச்சைக் காதில் வாங்கிய ஒருவனுக்கு, வட்டிக் கணக்குப் பார்க்கும் மாமனாரையும் சொத்தைக் காக்கும் தகப்பனையும் அபிநயிக்க வேறு குரு தேவையில்லை. வசனத்தின் நடுவே எதிராளியை எடைபோடுகிறவர்போல அவர் ஒரு கணம் நிறுத்துவாரே, அது எனக்குத் தராசு முள் நிற்கக் காத்திருக்கும் நிறுத்தமாகவே தோன்றும்.

வியாபாரத்தைத் திரையில் நடித்ததோடு அவர் நின்றுவிடவுமில்லை. ஏ.பி.நாகராஜனுடன் கூட்டுச் சேர்ந்து படம் எடுத்தார். அவற்றுள் 1957-இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி', சிவாஜி கணேசனைக் கொங்கு நாட்டுப் பேச்சு பேசவைத்த படம். கரிசல் காட்டுக்காரர் ஒருவர் தம் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டுக் கோயமுத்தூர்ப் பேச்சில் முதல் போட்டாரென்பது வேடிக்கையாயிருந்தாலும், எந்தச் சரக்குக்கு எங்கே கிராக்கி என்பதை அறிந்த மூளைக்கு அது அசாத்தியமன்று.

1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் எட்டப்பனாக வந்தார். துரோகியைக் கோரைப்பல் வைத்த ராக்ஷசனாகக் காட்டாமல், பேரம் படிந்தால் எதையும் விற்கத் துணியும் சாதாரண மனிதனாகவே அவர் காட்டினார் என்று நான் கருதுகிறேன். 1978-இல் 'ருத்ர தாண்டவ'த்தில் அவருக்குக் கிடைத்தது சிவபெருமான் வேஷம்! பூசாரி நாகேஷுடன் வாதாடும் அந்தக் கடவுளிடமும் கடைவீதியின் கிண்டல் போகவில்லை. கைலாசத்திலும் ஒரு மண்டி இருக்கும்போலும் என்று எண்ணும்படியிருந்தது. அவர் நடித்த படங்களில் பல மறதிக்கே உரியவை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே மாமனாரை வேறு வேறு சட்டையில் அனுப்பிய தயாரிப்பாளர்களும், அந்த மாமனாரை அலுக்காமல் கைதட்டி வரவேற்ற நாமும் அதில் சமபங்கு உடையவர்கள்.

அவர் காலமானது 2002 டிசம்பர் 24. அதற்குப் பதினாறாண்டுகளுக்கு முன், மணிரத்னத்தின் 'மௌன ராக'த்தில், டில்லியில் கதாநாயகனின் மேலதிகாரியாக வந்து, துயரம் தோய்ந்த கதையின் இடையே சற்று நேரம் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அந்தப் படம் வெளியான 1986-இல் அவருக்கு வயது சரியாக அறுபது. 'நாம் இருவ'ரில் சண்முகம் பிள்ளைக்காகப் பவுடர் பூசி வரவழைத்துக்கொண்ட வயது, நாற்பதாண்டு கழித்துத் தானாகவே வந்து சேர்ந்திருந்தது. குரல் மட்டும் முன்பிருந்த அதே குரல்.