குரலுக்குக் கிடைத்த முகம்

1935இல் கே. பி. சுந்தராம்பாளின் குரல் திரைக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த முகம் ஓர் ஆணுடையது. 'பக்த நந்தனார்' படத்தில் அவர்தான் நந்தனார்; சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நம் சினிமா வரலாறுகள் அந்தத் தொகையைப் பற்றி வாய் ஓயாமல் பேசும், வேடத்தை ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு வேடம்தான் முக்கியம்.

தென்காசிக்கு மேற்கே உள்ள செங்கோட்டைக்காரர் எஸ். ஜி. கிட்டப்பா. 1933இல் அவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலை கட்டினார். ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். முடிவு அவருடையது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன்பின் கேமரா அவருக்குக் கொடுத்த வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஒளவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். ஓர் ஆண், ஒரு துறவி, முதுமையை வேண்டிப் பெற்றவள், இன்னொரு துறவி, பேயுருவை வேண்டிப் பெற்றவள். இசைத்தட்டில் அந்தக் குரலுக்கு வயதும் இல்லை, வைதவ்யமும் இல்லை. படத்துக்குள் வருவதற்கு மட்டும் உடலைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டியிருந்தது.

அதற்காக முகமற்ற குரல்தான் விடுதலை என்று சொல்ல மாட்டேன். பின்னணிப் பாடகியரைப் பற்றி அமாண்டா வைட்மன் விரிவாக எழுதியிருக்கிறார். மேடையில் கையசைக்காமல், முகம் காட்டாமல் நின்று பாடுவதே அவர்களுக்கு மரியாதை தேடித் தந்தது. ஆட்டம் திரையில் ஒருத்திக்கு, அடக்கம் மைக் முன் இன்னொருத்திக்கு. பெண்ணின் குரலை உடலிலிருந்து பிரித்து வைப்பது ஆணாதிக்கத்துக்கும் வசதியான ஏற்பாடுதான்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பாட்காஸ்டுக்குக் காணொளி சேர்ப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். வாசுதேவநல்லூரில் நானும் சில மாணவியரும் சேர்ந்து பெண்களின் பேச்சைப் பதிவு செய்து ஒலித்தொடராக வெளியிடுகிறோம். "வீடியோ போட்டால்தான் ஆள் வரும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொய்யில்லை. கூகுள் 2024இல் தன் பாட்காஸ்ட் செயலியை மூடிவிட்டுக் கேட்பவர்களை யூடியூப் மியூசிக்குக்கு அனுப்பியது. மறு ஆண்டே, மாதம் நூறு கோடிப் பேர் தன்னிடம் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்று யூடியூப் அறிவித்தது. கூட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் எங்களுக்கு எந்தக் கூட்டம் வேண்டும்?

எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். மடியில் சுளகு. அதில் இலை, தூள், நூல். கண்ணும் கையும் அதிலேயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். வானொலி அந்தக் காதுக்காகவே பிறந்தது போலப் பல ஆண்டுகள் இந்த வீடுகளில் பாடிக்கொண்டிருந்தது. காணொளி அந்தக் கண்ணைக் கேட்கிறது. கொடுத்தால் கட்டு குறையும், கூலி குறையும். செலவும் உண்டு. 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 29 எம்பி. சுமாரான காணொளிக்கே வினாடிக்கு ஒரு மெகாபிட் வைத்தால் 450 எம்பி. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் மகன் கையில்.

பேசுகிறவள் பக்கம் இன்னும் சிக்கல். ஒலியில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் தையல் தெரியாது. மாமியாரைப் பற்றிச் சொன்னதை மறுநாள் ஒருத்தி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாம், மூச்சும் இடைவெளியும் மூடிக்கொள்ளும். காணொளியில் தலை ஒரு விரல் நகர்ந்து குதிக்கும். அங்கே ஏதோ இருந்தது என்று ஊருக்குத் தெரியும். என்ன சொன்னாள் என்று கேட்க ஆள் வரும். சொன்னதைத் திரும்பப் பெறும் உரிமை பெண்ணுக்குப் பேசும் உரிமையின் பாதி. அந்தப் பாதியைத்தான் கேமரா பிடுங்குகிறது. மூலவரே அர்த்தநாரியாக நிற்கிற ஊர் இது, ஆனாலும் டீக்கடையில் ஒரு பெண்ணின் முகம் போனில் ஓடினால் அது செய்திதான்.

"பேசுறேன் டீச்சர், மூஞ்சிய மட்டும் போடாதீய" என்றார் ஒரு அக்கா. கையை மட்டும் எடுக்கலாமா, பீடி சுற்றுவதைப் பார்க்க அழகாக இருக்குமே என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அக்கா சிரித்தார். "கையப் பாத்தாலே இன்னாரு பொண்டாட்டின்னு சொல்லிருவாவ."

அதே மாணவி தன் கவிதையைத் தானே வாசிக்கிறாள். அவளுக்குத் தன் முகம் வேண்டும், நெற்றித் தழும்போடு. அவள் வீட்டிலும் பேசிவிட்டாள். அவளுக்குக் கேமரா வைக்கிறோம். எல்லாருக்கும் ஒரே விதி என்று வைத்தால் இருவரில் ஒருத்திக்கு அது அநியாயமாகிவிடும். அதனால் ஒவ்வொரு பதிவின் முன்னும் பேசுகிறவளைத்தான் கேட்கிறோம், வெட்டி முடித்து வெளியிடும் முன் இன்னொரு முறையும் கேட்கிறோம். அக்காவின் பேச்சு ஒலியாகவே போகிறது. யூடியூபில் அதற்கு ஒரு காலிச் சுளகின் படம்.