தோழியின் கண்

தன்னை அறிவது தனிமையில்தான் என்று நமக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதை மறுத்தார். பிறர் நம்மைப் பார்க்கும் பார்வையை உள்வாங்கித்தான் 'நான்' உருவாகிறது. குழந்தை விளையாட்டிலேயே மற்றவர் இடத்தில் நின்று தன்னைப் பார்க்கப் பழகுகிறது என்பது, அவர் மறைவுக்குப் பின் 1934இல் வெளிவந்த நூலின் வாதம். சரி, அந்தப் 'பிறர்' யார்?

சங்க அகப்பாடல்களில் தலைவியை இரண்டு பார்வைகள் சூழ்கின்றன. ஒன்று அலர் தூற்றும் ஊர், மற்றது தோழி. ஊர் அவளைக் குற்றமாகப் பார்க்கிறது. தோழியிடம் பேசும்போது அவள் தன் மனத்தைத் தானே கேட்கிறாள்.

பாமாவின் 'கருக்கு' (1992) இதைச் சாதித் தெருவில் வைத்துக் காட்டுகிறது. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிவருவதைப் பார்த்து, மூன்றாம் வகுப்புச் சிறுமி சிரிக்கிறாள். அண்ணன் காரணம் சொன்னதும் சிரிப்பு கோபமாகிறது. அதையே பொட்டலத்துக்குரியவர் சொல்லியிருந்தால் அவளுக்குள் வெட்கம்தான் விழுந்திருக்கும். சொன்னது தன்னவன் என்பதால் அவளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கம்பெனி பஸ்களில் உட்கார்ந்திருக்கும் பெண்களை இந்த இடத்தில் நினைக்கிறேன். சூப்பர்வைசரின் கண், கேமராவின் கண், விடுதி வார்டனின் கண். ஊருக்குப் போனால் 'அங்கே எப்படி இருந்தாளோ' என்னும் அலர். இத்தனைக்கும் நடுவில் தோழி எங்கே?

2021 டிசம்பரில் அவள் தெரிந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்களின் நிலை தெரியாமல் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று பரவிய செய்தி பொய்யானது. ஆனாலும் கம்பெனிக்கு வெறும் எண்ணிக்கையாக இருந்தவளை 'எங்கே?' என்று பெயர் சொல்லிக் கேட்க அங்கே ஆள் இருந்தது. அப்படிக் கேட்கப்படுகிறவள்தான் தன்னை ஒரு ஆளாக உணர்கிறாள்.

ஷிஃப்ட் மாறி மாறி வரும் அறையில், ஒருத்தி விழித்திருக்கும்போது இன்னொருத்தி தூங்குகிறாள். அங்கே கட்டிலுக்கு இடம் உண்டு, பேச்சுக்கு நேரமில்லை. தோழமை குறையும் இடத்தில் மேலிருந்து பார்க்கும் கண்ணே 'நான்' ஆகிவிடும்.

நம் எழுத்துக்கும் இது பொருந்தும். ஆலைப் பெண்ணைப் பாவப்பட்டவளாகவோ வழிதவறியவளாகவோ மட்டும் எழுதும் கதை ஊரின் கண்ணை இரவல் வாங்குகிறது. அவளுக்கு வேண்டியது தோழியின் கண்.