தன்னிகரற்ற தலைவனும் தடுமாறும் பயணியும்: இரட்சணிய யாத்திரிகத்தில் வலுவின்மையும் கீழ்ப்படிதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னிகரற்ற தலைவனை வேண்டுகிறது. கிறித்தவ வாழ்வியலோ மனிதன் வலுவற்றவன் என்னும் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே எழும் முரணை எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணி இதே முரணுக்குக் கண்ட விடையோடு ஒப்பிட்டு, குமார பருவத்தின் இரட்சணிய சரித படலம் இடைச்செருகல் அன்று, காப்பிய அமைப்பின் அச்சாணி என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், தேம்பாவணி, கீழ்ப்படிதல், வலுவின்மை, சரணாகதி, காப்பியத் தலைமை.

முன்னுரை

கிறித்தவம் தமிழில் காப்பியம் பாடத் தொடங்கியபோது அதன்முன் நின்ற இடர்களுள் முதன்மையானது கதைத்தலைவனைப் பற்றியது. தண்டியலங்காரம் வகுத்த பெருங்காப்பிய இலக்கணத்தின்படி தலைவன் தனக்கு ஒப்பாரில்லாதவனாக இருத்தல் வேண்டும். கம்பனின் இராமன் அவ்விலக்கணத்திற்கு முழுமையான சான்று. நாடு துறந்து காடேக வேண்டும் என்னும் ஆணையைக் கேட்டபோதும் அவன் முகம் வாடுவதில்லை. அவனது கீழ்ப்படிதலில் தயக்கத்தின் சுவடே இல்லை. விவிலியம் காட்டும் அடியவர்களோ வேறு வகையினர். பேதுரு மறுதலிக்கிறான், தோமா ஐயுறுகிறான், கெத்செமனேத் தோட்டத்தில் சீடர்கள் உறங்கிவிடுகின்றனர். தம் வலுவின்மையில்தான் இறைவல்லமை நிறைவுறுகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். இத்தகைய அடியவனைத் தலைவனாகக் கொண்டு காப்பியம் பாடுதல் இயலுமா என்பதே வினா.

வளனின் ஐயம்: தேம்பாவணியின் விடை

1606இல் இராபர்ட் தெ நொபிலியின் வருகையோடு தொடங்கிய மதுரை மிஷனில் பணிபுரிய 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர் வீரமாமுனிவர். 1726இல் அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் வளன் எனப் பெயர் பெறும் சூசை.

இத்தேர்வு நுட்பமானது. நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவில் ஆணை பெறுகிறார்; எழுகிறார்; செய்கிறார். கீழ்ப்படிதலைத் தவிர அவரைப் பற்றி விவிலியம் கூறுவது மிகக் குறைவு. காப்பியம் விரும்பும் குறையற்ற தலைமையை அந்த மௌனத்தின்மேல் எழுப்ப முனிவரால் முடிந்தது. ஆயினும் மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்த சூசையின் கலக்கத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என அடுத்தடுத்த இரு படலங்களில் அதனைப் பாடினார். ஐயத்திற்குப் படலம் அமைத்தது வீரமாமுனிவரின் துணிவு; அதனை அந்த இரு படலங்களின் எல்லைக்குள் தோன்றி நீங்குவதாக நிறுத்தியது காப்பிய மரபின் நெருக்கடி. இங்கு வலுவின்மை ஒரு நிகழ்வு. அது கடந்த பின்னர்த் தலைவன் தன் நிகரின்மைக்குத் திரும்பிவிடுகிறான்.

பயணியின் தடுமாற்றம்: யாத்திரிகத்தின் விடை

கிருட்டிணப்பிள்ளையின் சூழல் வேறு. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். ஆங்கிலத்தில் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் என்னும் மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் 5 பருவங்களில் 3766 பாடல்கள் கொண்டது.

தழுவலுக்கு அவர் எடுத்துக்கொண்ட கதையின் தலைவன் தொடக்கம் முதல் முடிவு வரை தடுமாறுபவன். அவநம்பிக்கை என்னும் உளையில் விழுகிறான். உலகறிவாளனின் சொல்லை நம்பி வழி மாறுகிறான். மலைச்சரிவின் நிழலில் உறங்கி, கையிலிருந்த சான்றோலையைத் தவறவிடுகிறான். எளிதாகத் தோன்றிய பக்கவழியில் இறங்கி, ஐயக்கோட்டையில் சிறைப்படுகிறான். முத்திநகரின் வாயிலுக்கு முன்னுள்ள கடைசி ஆற்றிலும் அஞ்சி மூழ்கப் பார்க்கிறான்; உடன்வந்த நம்பிக்கைதான் அவன் தலையை நீருக்கு மேல் தாங்குகிறான். சூசையின் ஐயம் போல ஓரிடத்தில் தோன்றி நீங்குவதாக இவ்வலுவின்மை இல்லை. பயணம் முழுவதும் உடன்வருகிறது.

உளை நிகழ்ச்சி தனித்து நோக்கத்தக்கது. வன்னெஞ்சன் தொடக்கத்திலேயே திரும்பிவிட, மென்னெஞ்சன் மட்டும் பயணியோடு வருகிறான். இருவரும் ஒரே உளையில் விழுகின்றனர். பன்யனின் கதையில் மென்னெஞ்சனுக்கு நிகரான பாத்திரம் தன் வீடிருக்கும் பக்கமாகத் தானே முயன்று கரையேறி ஊர் திரும்பிவிடுகிறது. முதுகில் சுமையோடிருக்கும் பயணியோ எதிர்க்கரையை நோக்கித் தத்தளிக்கிறான். தானாக ஏற இயலாத அவனைத் துணைவன் ஒருவன் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான். தன் ஆற்றலால் கரையேறியவன் பயணத்தை இழந்தான். பிறர் கையால் ஏற்றப்பட்டவன் பயணத்தைத் தொடர்ந்தான். ஆகவே இக்கதையில் நிலைத்த கீழ்ப்படிதல் என்பது வலிமையின் மறுபெயர் அன்று. விழும்போதும் முகம் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதே அதன் அளவுகோல்.

இத்தகைய பயணியைத் தன்னிகரற்றவன் என்று எவ்வகையிலும் கூற இயலாது. அவ்வாறாயின் யாத்திரிகம் காப்பிய இலக்கணத்தைக் கைவிட்டதா?

கட்டுண்டவரின் அமைதி

இவ்வினாவிற்கான விடை குமார பருவத்தில் உள்ளது. பன்யனின் கதையில் கிறித்துவின் பாடுகள் தனிக்கதையாக விரிவதில்லை. பயணியின் சுமை சிலுவையடியில் கழன்று விழும் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கிருட்டிணப்பிள்ளையோ இரட்சணிய சரித படலத்தில் அப்பாடுகளைத் தனிப்பெரும் பகுதியாக விரித்துப் பாடினார். பயணக்கதையின் ஒருமையை இது குலைக்கிறது என்று வாதிடுதல் எளிது. கதையோட்டம் அங்கே நிற்பது உண்மை. ஆனால் ஓட்டம் நிற்பதன் பயனை நோக்குதல் வேண்டும்.

அப்படலத்தில் இயேசு கயிற்றால் பிணிக்கப்பட்டு நிற்கிறார். இகழ்வாரை எதிர்த்து ஒரு சொல்லும் கூறுவதில்லை. அவ்வமைதி உதவுவாரற்றவனின் இயலாமையோ என்னும் வினாவைக் கவிஞரே எழுப்புகிறார். பகைத்து நிற்கும் மக்கள்மீது கொண்ட அன்பே உண்மையான கட்டு, அக்கட்டிலிருந்து விடுபட விரும்பாமையே அமைதியின் காரணம் என்பது அவர் தரும் பொருள். புறத்தே காண்பவனுக்கு வலுவின்மை. அகத்தே அறிபவனுக்குக் கீழ்ப்படிதல். ஒரே தோற்றத்தின் இரு பொருள்களும் இங்கு எதிரெதிரே வைக்கப்படுகின்றன.

இதனால் காப்பியத்தின் தலைமை இரண்டாகப் பிரிகிறது. கதையை நடத்துபவன் தடுமாறும் பயணி. நிகரின்மையைத் தாங்குபவர் கட்டுண்ட இறைமகன். இராமனிடம் ஒருங்கே காணப்பட்ட கதைத்தலைமையும் குறையற்ற கீழ்ப்படிதலும் இங்கு இருவரிடம் பகிரப்படுகின்றன. முழுமையான கீழ்ப்படிதல் முன்பே ஒருவரால் நிறைவேற்றப்பட்டுவிட்டதால், பயணி முழுமையற்றவனாக இருந்தும் கதைக்குள் நிற்க இயல்கிறது. படலத்தை நீக்கினால் எஞ்சுவது, தகுதியற்ற ஒருவன் முத்திநகர் அடையும் விளக்கமற்ற கதையே. எனவே இலக்கணம் கைவிடப்படவில்லை, இடம் மாற்றப்பட்டுள்ளது.

நைச்சியமும் சரணாகதியும்

இம்மாற்றத்திற்கான கருவியைக் கிருட்டிணப்பிள்ளை தாம் பிறந்த மரபிலிருந்தே பெற்றிருத்தல் கூடும். வைணவ மரபில் அடியவன் தன் தாழ்மையை எடுத்துரைக்கும் நைச்சியானுசந்தானம் ஒரு முறையான வழிபாட்டு மொழி. தனக்கெனக் கைம்முதல் ஏதுமில்லை, வேறு புகலும் இல்லை என்னும் அறிக்கையே சரணாகதியின் தகுதி. கம்பனில் வீடணன் இராமனை அடைக்கலம் புகும்போதும் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குக் காரணம் அவன் வந்த குலமோ வலிமையோ அன்று, வந்து சேர்ந்தமையே. யாத்திரிகத்தில் இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்கள் இம்மொழியைக் காப்பியத்திற்குள் கொணர்கின்றன. எடுத்துரைக்கும் குரல் பயணியைப் புறத்தே நின்று காட்ட, தேவாரக் குரல் அவனது இயலாமையைத் தன்மையிடத்தில் பாடுகிறது. காப்பியத்தில் இழுக்காகக் கருதப்படும் வலுவின்மை பக்திப் பாடலில் தகுதியாகிறது.

வேறுபாடும் சுட்டத்தக்கது. சரணடைந்த பின் அடியவனின் பொறுப்பு யாது என்பதில் வைணவ உரையாசிரியர்களே வேறுபட்டனர். குரங்குக்குட்டி நெறி, பூனைக்குட்டி நெறி என்னும் பிரிவு அதிலிருந்து தோன்றியது. யாத்திரிகத்தின் பயணி முற்றிலும் எந்தப் பக்கமும் சாராதவன். அவன் தூக்கப்படுகிறான்; தூக்கப்பட்ட பின் நடக்கவும் வேண்டியுள்ளது.

உருவகத்தின் எல்லை

யாத்திரிகத்தின் வெற்றியோடு அதன் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடமை. உருவகக் காப்பியம் ஒவ்வொரு வலுவின்மைக்கும் ஒரு பெயரும் உருவமும் தருகிறது. மென்னெஞ்சன் திரும்பிப் போனதும் மென்மையான நெஞ்சும் கதையை விட்டு நீங்கிவிட்டது போன்ற மயக்கம் எழுகிறது. மேலும், இவ்வலுவின்மைகள் அனைத்தும் தனிமனித அகத்தைச் சார்ந்தவை. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவரின் சோதனை பெரும்பாலும் அவ்வாறானதன்று. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் மேலூர் உள்ளிட்ட ஊர்களில் நிலையங்கள் அமைத்துப் பணியாற்றிய காலத்தில், சபைகளை ஓயாது உலுக்கிய சிக்கல் சாதி. உடனுண்ணத் தயங்குதல், கொள்வினை கொடுப்பினையில் பழைய வரம்பைக் காத்தல் ஆகிய இவை ஒருவரின் நெஞ்சுறுதிக் குறைவு மட்டுமல்ல. உறவும் ஊரும் சேர்ந்து தாங்கி நிற்கும் வலுவின்மைகள். பயணி தன் ஊரைவிட்டு வெளியேறிவிடுகிறான். மேலூர்ச் சமவெளியின் கிறித்தவன் அதே ஊரில், அதே தெருவில் இருந்துகொண்டே கீழ்ப்படிய வேண்டியிருந்தது. பன்யனிடமிருந்து பெற்ற பயண வடிவம் இவ்வேறுபாட்டைக் காட்ட இடம் தரவில்லை.

பாடத்திட்டமும் பகுதிவாசிப்பும்

இவ்வாய்வின் பயன் இன்றைய வகுப்பறைக்கும் உரியது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து இடம்பெற்றது இரட்சணிய சரித படலப் பகுதியே. மாணவர் சந்திப்பது கட்டுண்டவரின் அமைதியை மட்டும். தடுமாறும் பயணியை அன்று. பகுதியைத் தனியே கற்பிக்கும்போது அது பொறுமையைப் போற்றும் அறவுரையாகச் சுருங்குகிறது. துன்புறுவோர் வாய்மூடி நிற்பதே உயர்ந்தது என்னும் தவறான பொருளுக்கும் இடம் தந்துவிடலாம். பயணியின் கதையோடு இணைத்துக் கற்பித்தால், அவ்வமைதி வலுவற்றவர்மீது சுமத்தப்படும் கட்டளை அன்று, வலுவற்றவர் பொருட்டு வேறொருவர் தாமே விரும்பி ஏற்றது என்பது விளங்கும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று.

முடிவுரை

தேம்பாவணி வலுவின்மையை ஒரு கட்டத்திற்குள் அடக்கித் தலைவனின் நிகரின்மையைக் காத்தது. இரட்சணிய யாத்திரிகம் வலுவின்மையைப் பயணம் முழுவதும் பரவவிட்டு, நிகரின்மையை வேறொருவரிடம் வைத்தது. முன்னது மரபிலக்கணத்திற்கு நெருக்கமானது. பின்னது பவுல் கூறிய வாழ்வியலுக்கு நெருக்கமானது. கம்பனிடம் கற்ற யாப்பையும் வைணவத்தில் பெற்ற சரணாகதி மொழியையும் கொண்டு, விழுந்தெழும் மனிதனுக்குத் தமிழ்க் காப்பியத்தில் இடம் தேடித் தந்தமை கிருட்டிணப்பிள்ளையின் தனித்த பங்களிப்பு. ஊரைவிட்டு நீங்காமல், உறவுகளுக்கு நடுவே நின்று தடுமாறிக் கீழ்ப்படியும் மனிதனுக்கு அக்காப்பியத்தில் இடமில்லை. அவனைத் தமிழ்க் கிறித்தவப் புனைகதைகளும் தன்வரலாறுகளும் எவ்வாறு பதிவு செய்துள்ளன என்பது தனித்து ஆராயப்பட வேண்டியது.