எழுத்து நீக்கமும் திணைப் பாகுபாடும்: ஓர் ஆங்கிலச் சொல்விளையாட்டை முன்வைத்து

சித்திரகவியைப் புலமையின் வீண்செலவு என ஒதுக்குவார் நம்மிடையே பலர். தண்டியலங்காரம் கூறும் அக்கரச்சுதகம், எழுத்து வருத்தனம் முதலியன செவிக்கும் கண்ணுக்கும் வியப்பூட்டுவனவேயன்றி வாழ்க்கையைத் தொடுவன அல்ல என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை மீண்டும் எடையிட்டுப் பார்த்தற்குரிய சான்றொன்று நாம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்துள்ளது. எமிலி ஷார்ட் என்னும் அம்மையார் ஆங்கிலத்தில் இயற்றி, 2012-ஆம் ஆண்டின் இறுதியில் விலையின்றி வெளியிட்ட ‘கவுண்டர்ஃபிட் மங்கி’ என்னும் கணினிச் சொல்விளையாட்டே அது.

இவ்வகை விளையாட்டில் உரையே முதன்மை. திரையில் ஓர் இடம் வருணிக்கப்படும்; படிப்பவர் ‘கதவைத் திற’ என்றாற்போல் ஓர் ஏவலைத் தட்டச்சிடுவார்; அதற்கேற்பக் கதை நகரும். 1979-இல் தோன்றிய இன்ஃபோகாம் என்னும் அமெரிக்க நிறுவனம் இவற்றை விற்றுப் பெரும்பெயர் பெற்றுப் பின் 1989-இல் மூடப்பட்டது. வணிகர் கைவிட்ட கலையை ஆர்வலர் எடுத்துக்கொண்டனர். கணிதமும் கவிதையும் வல்ல கிரகாம் நெல்சன் 1993-இல் இன்ஃபார்ம் என்னும் நிரல்மொழியை ஆக்கி, எவரும் இத்தகைய விளையாட்டை இயற்றுமாறு இலவசமாக வழங்கினார். 2006-இல் அதனை முற்றிலும் புதுக்கி, ஆங்கில உரைநடை போன்ற வாக்கியங்களாலேயே நிரல் எழுதும் வண்ணம் ‘இன்ஃபார்ம் 7’ என வெளியிட்டார். ‘சமையலறை ஓர் அறை. மேசை சமையலறையில் உள்ளது’ என்னும் பொருள்பட எழுதினால் அறையும் மேசையும் கதையுலகில் உண்டாகிவிடும். எனவே இங்கு நிரலும் ஒருவகை நூலே. அதற்கோர் இலக்கணமும் உண்டு.

‘கவுண்டர்ஃபிட் மங்கி’ இக்கருவியால் இயன்றது. அதன் களம், சொல்லை மாற்றினால் பொருளும் மாறும் ஒரு கற்பனைத் தீவு. ஆட்டக்காரர் கையில் எழுத்து நீக்கும் கருவியொன்று உண்டு. பழஞ்சுவடியைக் குறிக்கும் ‘கோடெக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தை அதனால் நீக்கினால், சுவடி மறைந்து ‘கோட்’, அதாவது குறிமுறை, கைக்கு வருகிறது. இஃது அக்கரச்சுதகமே என்பதைக் கற்றோர் உடனே உணர்வர். வேறுபாடு ஒன்றுண்டு. நம் செய்யுளில் எழுத்துக் குறையுந்தோறும் பொருள்கோள் மாறும், உலகம் மாறாது. இங்கோ உலகமே மாறுகிறது. மேலும், சித்திரகவி இயற்றிய புலவன் தான் தேர்ந்த எழுத்தை மட்டுமே நீக்குவான். இவ்வம்மையாரோ படிப்பவர் எந்தச் சொல்லில் எந்த எழுத்தை நீக்க முயல்வார் என்பதையெல்லாம் முன்னுணர்ந்து விடை வைத்தல் வேண்டும். அத்தகைய விடைகளுள் பல ஒருவரி வருணனையோடு நின்றுவிடுதல் குறையே எனினும், முயற்சியின் பரப்பு நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. அத்தீவின் அரசோ இத்தகைய மாற்றங்களைத் தன் காவலில் வைத்துள்ளது. சொல்லணியே ஆட்சியை எதிர்க்கும் செயலாகிவிடுதலின், அதனை வாழ்க்கையொடு தொடர்பிலது என்று ஒதுக்குதல் இங்கு இயலாது.

தமிழில் இத்தகையதொன்று இயலுமா என்று வினவுவது இயல்பே. ‘தவளை’யின் முதலெழுத்தை நீக்கினால் வளை, இடையெழுத்தை நீக்கினால் தளை. இரண்டும் கையாற் பற்றத்தகு பொருள்கள். விளையாட்டுக்கு நன்கு உதவும். ஈற்றெழுத்தை நீக்கினாலோ ‘தவ’ என்னும் உரிச்சொல் எஞ்சும். மிகுதி என்னும் பண்பை எவ்வறையில் வைப்பது? முதலெழுத்து நீக்கத்திற்கு வேறொரு தடையும் உண்டு. கடல், மரம், நிலம் ஆகியவற்றின் முதலை நீக்க எஞ்சும் டகர, ரகர, லகரங்கள் மொழிக்கு முதலாகா. ஆங்கிலத்தினும் நம் மொழி இவ்விளையாட்டிற்குக் கடுமையான களமாகும். ஆதலின் வெற்றி பெறின் இனிமையும் மிகும். கணினியிலுள்ள இடர்ப்பாடு இதனினும் நுண்ணியது. யூனிகோடு முறையில் ‘ளை’ என்பது ளகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு அலகுகளாய் நிற்கும். ஈற்றலகை மட்டும் நீக்கும் நிரல் ‘தவள’ என்றே விடை தரும். உயிர்மெய்யை யாப்பில் ஓரெழுத்தாகவும் புணர்ச்சியில் ஈரெழுத்தாகவும் நம் இலக்கணிகள் கண்டனர். ‘தவள’ என்பதோ இவ்விரு கணக்கிலும் அடங்குவதன்று. எழுத்தென்பது யாது என்னும் பழைய வினாவை நிரலாளர் முதற்கண் விடுத்தே மேற்செல்லல் வேண்டும்.

திணையிடத்து நேரும் முரண் இதனினும் பெரிது. இன்ஃபார்ம் 7-இன் பொருட்பாகுபாட்டில் விலங்கு என்பது ‘ஆள்’ என்னும் வகையின் உள்வகை. ஏவலுக்கு இணங்கித் தானே இயங்குவன யாவும் ஆள் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்திற்கு அது பெரிதும் கேடு செய்யாது. தமிழிலோ வினைமுற்றின் ஈறு திணையைச் சுமந்து நிற்கும். அப்பாகுபாட்டை அப்படியே தழுவி ஆளுக்குரிய ஈற்றை விலங்கிற்கும் இட்டால் ‘நாய் வந்தான்’ என்று கணினி உரைக்கும். உயர்திணையை மக்கட்கே உரியதாக்கிய தொல்காப்பியர் நெறியில் வகைமுறையை வேரிலிருந்தே மாற்றியமைத்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. மேலொட்டாகச் சொற்களை மட்டும் பெயர்த்துத் ‘தமிழ்ப் பதிப்பு’ என்பார் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

இடப்பாகுபாட்டிலும் இத்தகைய நுட்பமொன்று உண்டு. 2014-இல் வந்த பதிப்பில் கதை கூறும் நோக்கிடத்தை நிரலாசிரியர் தேர்ந்து கொள்ளலாம். மூவிடமும் ஒருமை பன்மையும் உறழ ஆறு தேர்வுகள். ‘கவுண்டர்ஃபிட் மங்கி’யின் கதைத்தலைமை அலெக்ஸ் என்னும் ஆடவனும் ஆந்திரா என்னும் பெண்ணும் ஓருடலாக இணைந்து ‘அலெக்சாந்திரா’ ஆனது. அலெக்ஸ் கதை கூறுகின்றான். ஆட்டக்காரர் ஆந்திராவாய் ஏவுகின்றார். எனவே உரை தன்மைப் பன்மையில் நடக்கிறது. அப்பன்மை ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழிலாயின், அலெக்ஸ் தன் உடனுறைவாளை நோக்கிக் கூறுமிடத்து ‘நாம்’. காவலரை நோக்கி இருவரும் ஒரு வாயாற் பேசுமிடத்து ‘யாம்’. கேட்போரை உளப்படுத்தும் பன்மைக்கும் உளப்படுத்தாப் பன்மைக்கும் வேறு வேறு வடிவம் உடைய மொழியில் இக்கதையை எழுதுவோர்க்கு ஆறு தேர்வுகள் போதா. ஏழாவது ஒன்று வேண்டும். 2022 முதல் இன்ஃபார்ம் 7-இன் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்துமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது.